அரைப் பேர்

பொகவந்தலாவை டவுனில் பேக்கரிக்கு மேல்மாடி.
பாண் வேகும் மணம் பலகை இடுக்கால் ஏறி வரும்
விடியற்காலை மூன்றரை.
திரையில் பதினோராவது தடவையாக அதே வரி:
லிப்சீரியல்போர்ட் கிடைக்கவில்லை.

கிடைக்காமல் எங்கே போகும்?
நேற்றுப் பின்னேரம் நான்தானே இறக்கினேன்,
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டு,
மழை விட்ட பத்து நிமிசத்தில்
ஒற்றைக் கோடு சிக்னலைப் பிடித்து.

"என்ட மெஷின்ல ஓடுதே அக்கா"
என்கிறான் கொழும்பிலிருந்து ரமணீதரன்.
ஓடும் தம்பி.
நாலு வருசமாய் எதையெதையோ போட்டு வைத்திருக்கிறாய்,
போட்டது இன்னதென்று உனக்கே மறந்துவிட்டது.
ஒன்றுமில்லாத மெஷின் ஒன்று வந்து கேட்டால்தான்
உன் நிரல் எதன் தோளில் நிற்கிறதென்று
உனக்கும் தெரியவரும்.

அப்படியொன்றும் பெரிய மென்பொருள் இல்லை.
தராசிலிருந்து ஒரு வயர்.
பேர், நேரம், கிலோ, கழிவு,
நாலையும் அச்சடித்த துண்டுச் சீட்டு.
கழிவு என்பது இதுவரை வாயால் சொல்வது:
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு இரண்டு,
கேட்டால் இன்னும் ஒன்று.
பதினெட்டு எடுத்த புஷ்பகாந்திக்குப்
பதினாலு என்று எழுதி
அரைப் பேர் போட்ட நாளில்
இந்த வேலை ஆரம்பமானது.

கோப்புறைகளைத் துழாவுகிறேன்.
இருக்கிறது!
யூஎஸ்ஆர், லிப், அதற்குள்ளே இன்னொரு அறை,
மூலையில் முழு உடம்போடு உட்கார்ந்திருக்கிறது நூலகம்.
கம்பைலர் மட்டும் இல்லை என்கிறது.

பாண்காரர் கீழே கதவைத் திறக்கும்போது
மண்டையில் ஏறியது.
ஓடுகிறவர்களுக்கு ஒரு பொதி,
கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று;
பின்னால் டெவ் என்று வால் வைத்தது.
வேலை செய்யும் உடம்பு முதலாவதில்.
இன்னார், இன்ன வேலைக்கு இப்படிக் கூப்பிடு
என்று சொல்லும் தலைப்புக் கோப்பு
இரண்டாவதில்.
நான் இறக்கியது முதலாவதை மட்டும்.
ஆள் வந்து நிற்கிறாள், செக்ரோலில் பேர் இல்லை.
நிற்பவளைப் பார்த்தே
இல்லை என்று சொல்லும் வாய்
கம்பைலருக்கு மட்டுமா இருக்கிறது?

வால் வைத்ததும் வந்து சேர்ந்தது.
பிறகு லிப்கப்ஸ் இல்லை என்றது.
பேரைக் கேட்டால் தேத்தண்ணிக் கடைச் சாமான்;
அச்சடிக்க அதுதான் வேண்டுமாம்.
அதற்கும் ஒரு வால்.
ஜன்னலுக்கும் மேசைக்குமாய் நடந்து
எட்டரைக்கு,
ஒரு எச்சரிக்கையோடு, கட்டி முடிந்தது.

முடிந்ததென்று எழும்பியிருக்கலாம்.
இருந்து கட்டுப்பாட்டுக் கோப்பைத் திறந்தேன்.
சார்புகள் என்ற வரியை
ரமணீதரன் வெறுமையாய் விட்டிருந்தான்,
யார் தயவிலும் வாழாதவன் மாதிரி.
ஒவ்வொன்றாய்ப் பேர் எழுதினேன்.
கட்ட உதவியவை ஒரு வரியில்,
ஓட உதவுபவை இன்னொன்றில்,
வால்களோடு, பதிப்பு எண்களோடு.
எல்லாருக்கும் முழுப் பேர்.

பின்னேரக் கொழுந்து மடுவம்.
தூசி தின்ற பழைய பெட்டியில்
ஒரு சத்தமும் இல்லாமல் பொதி இறங்கியது.
கணக்கப்பிள்ளை எண்களைத் தட்டினார்.
பிரிண்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்
துப்பியது முதல் சீட்டை:
புஷ்பகாந்தி. நாலு பத்து. பதினெட்டு தசம் ஆறு.
கழிவு நாலு.

எழுத்தில், மையில், நாலு.
அவள் அதைக் கொட்டும் வெளிச்சத்துக்குப் பிடித்து
இரண்டு தரம் வாசித்தாள்.
"எல்லாத்தையும் மெஷின் நிறுக்குதே பிள்ள,
இந்த நாலை மட்டும்
நிறுத்தது யாரு?"

கணக்கப்பிள்ளை ரிப்பனைச் சரிசெய்யக் குனிந்தார்.
பின்னால் நின்றவள்
தன் சாக்கை ஒரு அடி முன்னால் தள்ளினாள்.